குழந்தைகளுக்கு வீட்டிலேயே உடை தைத்தல்

நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ அறுவடை மாசி, பங்குனி மாதங்களில் முடிவடைகின்றது. நெல் பத்தாயத்திற்கும் வைக்கோல் படப்பிற்கும் சேர்ந்த பின்னர், கன்னிப்பூச் சாகுபடிக்கு நிலம் திருத்தத் தொடங்கும் வரையில் குடும்பத்தார்க்குச் சில வாரங்கள் ஓய்வு கிடைக்கின்றது. பள்ளிக்கூடங்களின் கோடை விடுமுறையும் இதனை ஒட்டியே வருகின்றது. குழந்தைகளுக்கு வேண்டிய உடைகளை வீட்டிலேயே தைத்துக்கொள்ள இதனினும் ஏற்ற காலம் வேறில்லை. ஊசி, நூல், கத்தரிக்கோல், அளவு நாடா, துணியை விரித்து வெட்ட ஒரு பாய் ஆகிய இவையே இவ்வேலைக்கு வேண்டுவன. தையல் இயந்திரம் இருப்பின் வேலை விரைவில் முடியும். இல்லாவிடினும் குழந்தை உடைக்குக் கைத்தையலே போதுமானது.

இந்நாட்டில் தையல் வந்த வரலாறு

வடசேரியில் நெசவுத் தொழில் நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. ஆயினும் நெய்த துணியை வெட்டித் தைத்து அணிவது இந்நாட்டில் எல்லோர்க்கும் எளிதிற் கிட்டிய உரிமையன்று. 1819-ம் ஆண்டில் இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதிகள் நாகர்கோவிலுக்கு வந்தனர். மார்த்தா அம்மையார் தாம் நடத்திய பெண்கள் பள்ளியில் ஊசி வேலையையும், ரேந்தை என்று இப்பக்கத்தார் வழங்கும் லேஸ் பின்னலையும் கற்பித்தார். அங்குப் பயின்ற அடிமைச் சிறுமியருள் சிலர் தம் கைவேலையால் ஈட்டிய பணத்தைக் கொடுத்துத் தம்மைத் தாமே மீட்டுக்கொண்டனர். திருவாங்கூர் இராச்சியத்தில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1855-ம் ஆண்டில்தான். நாடார் குலப் பெண்கள் மேற்சட்டை அணிவது பற்றிப் பல்லாண்டு நிகழ்ந்த தோள்சீலைப் போராட்டத்திற்குப் பின்னர், 1859-ம் ஆண்டு ஜூலை மாதத்து அரச பிரகடனமே அவர்கள் சட்டை அணிய அனுமதி அளித்தது. ஆகவே, இம்மாவட்டத்தில் ஒரு தாய் தன் மகளுக்குத் தன் கையாலேயே ஒரு சட்டை தைத்து அணிவித்து மகிழ்வதைச் சிறு காரியமென்று எண்ணலாகாது.

ஆதாயம் எங்கே உள்ளது

வீட்டில் தைத்தால் செலவு குறையும் என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. இஃது எப்பொழுதும் உண்மையன்று. கோட்டாற்றுக் கடைவீதியில் விற்கும் ஆயத்த ஆடை சில சமயங்களில் துணியின் விலைக்கும் குறைவாகவே கிடைக்கும். ஆனால் கடைச் சட்டை, வாங்கும் நாளின் அளவிற்கே வெட்டப்பட்டது. அதன் தையலுக்கு உட்புறம் மிஞ்சியிருக்கும் துணி கால் அங்குலமே இருக்கும். குழந்தை வளர்ந்தால் அவிழ்த்து விட அதில் ஒன்றுமில்லை. வீட்டில் தைக்கும் தாயோ, அடுத்த ஆண்டின் அளவையும் மனத்திற் கொண்டு துணியை வெட்டுகின்றாள். கைத்தையலின் ஆதாயம் முதலாம் ஆண்டில் அன்று, இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளிலேயே தெரிய வரும்.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

இப்பக்கத்துப் புழுக்கத்திற்குப் பருத்தித் துணியே ஏற்றது. அது வியர்வையை உறிஞ்சும்; வேர்க்குருவையும் அதிகப்படுத்தாது. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி வேண்டுவதில்லை. பலமுறை வெளுக்கப்பட்டு மெதுவாகிவிட்ட பழைய வேஷ்டியும் பருத்திப் புடவையுமே அதன் மேனிக்கு இதமானவை. பெரியோர் உடுத்த துணியில் முதல் உடை தைக்கும் பழைய வழக்கத்தில் நல்ல காரணமும் அமைந்திருக்கின்றது. இவ்வுடைகளில் தையலின் தடிப்பு வெளிப்புறம் இருக்கும்படி தைத்தால் குழந்தையின் தோல் உராயாது.

புதிய பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் ஓர் இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட வேண்டும். இதனைச் செய்யாமல் தைத்த உடை முதற் சலவையிலேயே சுருங்கி, தைத்த சிரமத்தை வீணாக்கிவிடும். பாவு நூல் உடையின் நீளவாட்டில் வருமாறு வெட்டுதல் வேண்டும். அவ்வாறு வெட்டிய துணி தொய்வதில்லை.

பிள்ளையோடு வளரும் பாவாடை

முதல் ஆண்டில் குழந்தை ஏறக்குறைய 10 அங்குலம் வளர்கின்றது. இரண்டாம் ஆண்டில் ஏறக்குறைய 5 அங்குலம். பின்னர்ப் பள்ளிப் பருவத்தில் ஆண்டிற்கு 2 முதல் 2½ அங்குலம். இவ்வளர்ச்சியில் பாதிக்குச் சற்று மிகுதியானது இடுப்பிற்குக் கீழே சேர்வதால், 4 வயதுச் சிறுமியின் பாவாடை ஆண்டுதோறும் ஏறக்குறைய 1½ அங்குலம் நீள வேண்டியிருக்கும். இதற்கு ஏற்ற உபாயம், தையற்காரர் டக்கு என்று சொல்லும் குறுக்கு மடிப்பு. முக்கால் அங்குல ஆழமுள்ள ஒரு மடிப்பு இருபுறத்துத் துணியையும் தன்னுள் கொண்டிருப்பதால், அவிழ்த்தவுடன் 1½ அங்குல நீளத்தைத் தரும்.

இடுப்பிலிருந்து கணுக்கால் வரையில் 22 அங்குலம் உள்ள சிறுமிக்குக் கணக்கு வருமாறு: உடையின் நீளம் 22 அங்குலம், மூன்று மடிப்புகளுக்கு 4½ அங்குலம், கீழ் ஓரத்திற்கும் மேல் தையலுக்கும் 2 அங்குலம், ஆக 28½ அங்குலம். 36 அங்குல அகலத் துணியில் இந்நீளத்தில் இரண்டு துண்டுகள் வெட்டிச் சேர்த்தால் போதிய சுருக்கம் வைக்கலாம். இவற்றிற்கு 57 அங்குலம் செல்லும். 2 கெஜம், அதாவது 1.83 மீட்டர் துணி எடுத்தால், மிஞ்சிய 15 அங்குலத்தில் தோளிலிருந்து தொங்கும் பாடியையும் வெட்டிக்கொள்ளலாம். இடுப்பில் நாடாவை இறுகக் கட்டுவதைவிடப் பாவாடையைப் பாடியுடன் இணைப்பது குழந்தைக்குச் சுகமானது.

பாடியின் பக்கத் தையல்களில் ஒவ்வோர் ஓரத்திலும் 1 அங்குலம் விட்டுவைக்க வேண்டும். நான்கு ஓரங்களிலும் பின்னர் அரை அங்குலம் வீதம் அவிழ்த்து விட்டால் சுற்றளவு 2 அங்குலம் பெருகும். பாடி முற்றிலும் சிறுத்துவிடின் அதனை மட்டும் நீக்கி வேறு பாடி இணைக்கலாம். இவ்வாறு ஆண்டிற்கு ஒரு மடிப்பாக அவிழ்த்து வந்தால், 4 வயதில் தைத்த பாவாடை 7 வயதிலும் நீளம் குறையாதிருக்கும்.

மடிப்பை அவிழ்த்த இடத்தில் சாயம் வெளுக்காத ஒரு கோடு தோன்றும். அதன்மேல் ரேந்தையையோ வேறு நிற நாடாவையோ வைத்துத் தைத்தால் அதுவே அழகாகிவிடும். மகள் எவ்வாண்டில் எவ்வளவு வளர்ந்தாள் என்பதை அப்பாவாடையின் கோடுகளைக் கொண்டே தாய் சொல்லிவிடுவாள்.

தையல் முறைகள்

ஓட்டுத் தையல், பின் தையல், ஓரம் மடித்துத் தைத்தல், பித்தான் துளைக்குக் காஜா எடுத்தல் ஆகிய நான்கும் தெரிந்தால் குழந்தை உடை முழுவதையும் முடிக்கலாம். சுருக்கத்திற்கும் மடிப்பிற்கும் ஓட்டுத் தையல் போதும். பின்னர் அவிழ்ப்பதற்கும் அதுவே எளிது. தோள், அக்குள், கால்சட்டையின் இருக்கைப் பகுதி ஆகிய இழுபடும் இடங்களுக்குப் பின் தையலே வேண்டும்.

இயந்திரங்களின் மோகத்தைக் கண்டித்த காந்தியடிகள், 1924-ம் ஆண்டில் ஜி. ராமச்சந்திரன் கேட்ட வினாவிற்கு விடையளிக்கையில், சிங்கர் தையல் இயந்திரத்தை விலக்குக்கு உதாரணமாகக் கூறினார். மனைவி ஊசியோடு படும் சிரமத்தைக் கண்டு ஒருவர் அன்பினால் ஆக்கிய கருவி அது என்பது அவர் கருத்து. இயந்திரம் வைத்திருப்போர் நீண்ட தையல்களை அதிலும், அவிழ்க்க வேண்டிய மடிப்புகளைக் கையிலும் தைத்தல் நலம்.

எச்சரிக்கை

மூன்று வயதிற்கு உட்பட்ட குழந்தைகள் பித்தானையும் மணியையும் பிய்த்து வாயிலிட்டுக்கொள்ளக் கூடும். அவர்கள் உடையில் இவற்றைத் தவிர்க்க வேண்டும். கழுத்தில் இழுத்துக் கட்டும் கயிறு கூடாது. பின்புறம் கட்டும் நாடாக்கள் குட்டையாக இருத்தல் வேண்டும். செயற்கை இழைத் துணி தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தளர்ந்து தொங்கும் பருத்தி ஆடையிலும் தீ விரைவாகப் பற்றும். அடுப்பங்கரையிலும் தீபாவளியன்றும் குழந்தைகளுக்கு உடலோடு ஒட்டிய பருத்தி உடையே தகும். வேலை முடிந்ததும் ஊசிகளை எண்ணி வைத்தல் ஒருநாளும் மறக்கத் தக்கதன்று.

வேலையின் இன்பம்

அளவெடுக்கும்போது கைகளை விரித்து அசையாது நிற்கும் குழந்தை, தனக்காகவே ஒன்று செய்யப்படுவதை அறிந்துகொள்கின்றது. எந்தக் கரை வேண்டும், பை இடப்புறமா வலப்புறமா என்று அதனிடம் கேட்டுத் தைத்தல் வேண்டும். சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்திற்கு அத்தகைய உடையை உடுத்துச் செல்லும் குழந்தை, காண்போரிடமெல்லாம், “இது எங்க அம்மா தச்சது” என்று தானே சொல்லிக்கொள்ளும். மூத்தவளின் பாவாடை இளையவளுக்கு வரும்போது, பழையது தள்ளப்பட்டது என்ற எண்ணம் எழாதபடி, புதிய பை ஒன்றோ, பூ வேலையோ சேர்த்துக் கொடுப்பது தாயின் சாமர்த்தியம். எட்டு வயது நிறைந்த பிள்ளைகளுக்குப் பித்தான் தைக்கவும் கிழிசல் ஒட்டுப்போடவும் கற்பிக்கலாம். இதில் ஆண், பெண் என்ற வேற்றுமை வேண்டுவதில்லை. தையற்கடைகளில் ஊசி பிடிப்போர் பலரும் ஆண்மக்களே.

கிராம உத்தியோகஸ்தர் கவனத்திற்கு

தமிழ்நாட்டரசு சத்துணவு உண்ணும் மாணவர்க்கு 8-ம் வகுப்பு வரையில் ஆண்டிற்கு 4 இணைச் சீருடைகளை விலையின்றி வழங்குகின்றது. இவற்றைத் தைப்போர் மகளிர் தையற் கூட்டுறவுச் சங்க உறுப்பினர். சீருடை சிறிது பெரிதாக வந்தால் வெட்டி எறியாது, உள்ளே மடித்துத் தைத்துக்கொள்ளுமாறு பெற்றோர்க்கு அறிவுறுத்தலாம். தையல் பயின்ற விதவைகள், கணவனால் கைவிடப்பட்டோர், ஏழைப் பெண்கள் ஆகியோர்க்குச் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின்கீழ் சமூக நலத்துறை இலவசத் தையல் இயந்திரம் வழங்குகின்றது. இதற்கு வேண்டிய வருமானச் சான்று தாமதமின்றிக் கிடைக்கச் செய்வது கிராம உத்தியோகஸ்தர் கையில் இருக்கின்றது. நிலமுடையோர், அறுவடைக்குப் பிந்திய வாரங்களில் தம் வீட்டு முற்றத்தை அண்டை வீட்டுப் பெண்கள் கூடித் தைக்க விட்டுக்கொடுத்தால், ஓர் இயந்திரம் பல குடும்பங்களுக்குப் பயன்படும். பள்ளி திறக்குமுன் முதற் பாவாடையைத் தொடங்க வேண்டுவோர், இப்பொழுதே 2 கெஜம் துணி எடுத்து, அதனை இன்றிரவே தண்ணீரில் ஊறவைப்பார்களாக.