செயின்சாவில் பெட்ரோல் ஒழுகினால் எங்கே தேடுவது?

"அண்ணே, டேங்க் ஓட்டையாயிடுச்சு போல, வச்ச இடமெல்லாம் ஈரம்" என்று சொல்லித்தான் பெரும்பாலும் செயின்சாவைக் கொண்டுவந்து பட்டறையில் வைப்பார்கள். டேங்க் உடைவது அபூர்வம். அதனால் அவர்கள் சொன்னதை நம்பி டேங்க்குக்கோ, அவசரப்பட்டு புது கார்புரேட்டருக்கோ விலை சொல்லிவிடாதீர்கள்.

முதலில் ஒழுகுவது பெட்ரோல்தானா என்று பாருங்கள். செயினுக்கு ஆயில் கொடுக்கும் டேங்க் தனி. வேலை முடித்து வைத்த மெஷினில், பார் பக்கம் கொஞ்சம் செயின் ஆயில் வடிவது இயல்பு. விரலில் தொட்டுத் தேய்த்தால் தெரிந்துவிடும். பெட்ரோல் சில்லென்று ஆவியாகி மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் விடும், செயின் ஆயில் கெட்டியாகவே நிற்கும்.

பெட்ரோல்தான் என்றால், மெஷின் நன்றாக ஆறும்வரை பொறுங்கள். சூடாக இருக்கும்போது டேங்க்குக்குள் அழுத்தம் ஏறியிருக்கும். மூடியைத் திருகினால் பெட்ரோல் பீய்ச்சியடித்து முகத்திலும் சூடான சைலன்சரிலும் விழும். தீக்காயத்துக்கு அது ஒன்றே போதும். ஆறிய பிறகு மூடியை மெதுவாகத் தளர்த்தி, காற்று முழுதும் வெளியேறிய பின் கழற்றுங்கள். வேலை திறந்தவெளியில் நடக்கட்டும். பீடி, வெல்டிங், கிரைண்டர் எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

இனி தேடல். வெளிப்பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்து, டேங்க்கை நிரப்பி, வெள்ளைக் காகிதத்தின் மேல் வையுங்கள். நேராக, இடப்பக்கம், வலப்பக்கம், தலைகீழ் என்று ஒவ்வொரு நிலையிலும் சில நிமிடம் விடுங்கள். சொட்டு விழும் இடத்தை நம்பாதீர்கள். பெட்ரோல் உடம்பெல்லாம் ஓடி, தாழ்ந்த மூலையில்தான் சொட்டும். முதலில் நனையும் இடம் எது என்பதே கேள்வி. டேங்க் நிறைந்திருக்கும்போது ஒழுகி, பாதியானதும் நின்றுவிட்டால் கசிவு மேல் பாகத்தில் இருக்கிறது. மூடியின் ஓ-ரிங், பெட்ரோல் டியூப் டேங்க்குக்குள் நுழையும் துளை, காற்று வால்வு மூன்றில் ஒன்று.

ஓ-ரிங்கை நகத்தால் அழுத்திப் பாருங்கள், தட்டையாகிவிட்டாலோ வெடித்திருந்தாலோ மாற்றுங்கள். டியூப்பை வளைத்துப் பார்த்தால்தான் விரிசல் தெரியும், நேராக இருக்கையில் மறைந்துகொள்ளும். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது; பழைய மெஷின்களின் ரப்பருக்கு அது ஆகாது, சீக்கிரம் விறைத்தோ ஊறியோ போகிறது. எம்-சீல் வைத்து அடைக்கும் வேலை வேண்டவே வேண்டாம். அதிர்விலும் பெட்ரோலிலும் அது பெயர்ந்து, மரத்தின் மேல் ஏறி நிற்பவர் கையில் ஒழுகும்.

காற்று வால்வைச் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். காற்றை உள்ளே விடுவதும் பெட்ரோலை வெளியே விடாததும் அதன் வேலை. வால்வு திறந்தே நின்றால், சாய்த்ததும் ஒழுகும். மண்ணும் மரத்தூளும் அடைத்துக்கொண்டால், வெயிலில் டேங்க் உப்பி, பெட்ரோலைக் கார்புரேட்டருக்குள் தள்ளும். அப்போது ஈரம் ஏர் பில்டரில் தெரியும், ஆள் கார்புரேட்டரைப் பழிப்பான். அதனால் வால்வைப் பார்க்காமல் கார்புரேட்டர் மாற்றச் சொல்லாதீர்கள்.

வால்வு சரியாக இருந்தும் ஏர் பில்டர் நனைந்தால், கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அடைக்கும் நீடில் மூடவில்லை என்று பொருள். கார்புரேட்டரின் பெட்ரோல் வாயில் கைப்பம்பை மாட்டி சுமார் 7 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். பம்பின் மீட்டர் முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால், நீடிலின் இருக்கையில் தூசி, தேய்ந்த நீடில், உயரமாகிவிட்ட லீவர் என்று பாருங்கள். பெரும்பாலும் டயாபிரம் கிட் போட்டாலே தீர்ந்துவிடும், முழுக் கார்புரேட்டர் தேவைப்படாது. வாடிக்கையாளர் பணத்தை மிச்சப்படுத்துகிற இந்த இடத்தில்தான் உங்கள் பெயர் ஊரில் நிற்கும்.

நீடில் மூடாமல் சிலிண்டருக்குள் பெட்ரோல் நிறைந்திருக்கும் மெஷினின் கயிற்றை வேகமாக இழுக்காதீர்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பிளக் வயரை தூரமாக ஒதுக்கிவிட்டு, மெதுவாக இழுத்து வெளியேற்றுங்கள்.

வேலை முடிந்ததும் அதே காகிதச் சோதனையை முழு டேங்க்குடன் மறுபடி செய்யுங்கள். ஸ்டார்ட் செய்வதை பெட்ரோல் ஊற்றிய இடத்திலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மெஷினைக் கொடுக்கும்போது, ஒரு மாதத்துக்கு மேல் சும்மா வைப்பதானால் டேங்க்கைக் காலி செய்து, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டிவிடச் சொல்லுங்கள்.