செலவும் வரவும்: பன்னாட்டுச் சுற்றுலாவுக்கு ஒரு கணக்குப் பாடம்



தமிழில் ‘செலவு’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று பணம் செலவிடுதல், மற்றையது பயணம். ‘செல்’ என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல் பழந்தமிழிற் பயணத்தையே சிறப்பாகக் குறித்தது. பொருள் தேடப் புறப்பட எண்ணிய தலைவன், தலைவியின் துயர் கண்டு தன் பயணத்தை நிறுத்திவைத்தலைச் ‘செலவழுங்குதல்’ என அகப்பொருள் நூலார் வழங்கினர். பின்னர் கையிலிருந்து பணம் செல்வதும் ‘செலவு’ ஆயிற்று. கைக்கு வருவது ‘வரவு’ ஆயிற்று. ஆதலால் பயணத்தையும் பணத்தையும் ஒருங்கே கற்பது தமிழ்ப் பாடத்துக்குப் புறம்பானதன்று.

யேர்மனியில் வாழும் எம்மவர் குடும்பங்கள் கோடை விடுமுறையில் பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, பெல்சியம், இங்கிலாந்து முதலிய நாடுகளுக்குச் செல்வது வழக்கமாகிவிட்டது. உறவினரைக் காணுதல், பாரிஸ் மாநகரின் லாச்சப்பல் பகுதியிற் பொருள்கள் வாங்குதல், கோயில் தேர்த் திருவிழாவிற் கலந்துகொள்ளுதல், உலகப் புகழ்பெற்ற இடங்களைப் பார்த்தல் எனப் பல நோக்கங்கள் ஒரே பயணத்தில் அடங்குகின்றன. பயணம் ஏழு நாளில் முடிந்துவிடும். கணக்கின்றிச் செய்த செலவோ ஏழு மாதம் கடனாக வீட்டில் தங்கிவிடும். அவ்வாறு நேராதிருக்கும் வழியை இக்கட்டுரையிற் காண்போம்.

1. முதலில் ஒதுக்க வேண்டியது

பயணத்துக்கென்று ஒரு தொகையை எண்ணுமுன், எத்தொகையைத் தொடக்கூடாது என்பதை வீட்டார் கூடி முடிவுசெய்ய வேண்டும். வீட்டு வாடகை, மின்சாரம், காப்புறுதி, ஊரில் உள்ள பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் மாதந்தோறும் அனுப்பும் பணம் ஆகியன அத்தகையவை. பாரிஸில் நாம் ஏறும் கோபுரத்துக்காக ஊரில் ஒரு தாயின் மருந்துச் செலவு ஒரு மாதம் பிந்துமாயின், அச்சுற்றுலா நமக்கு இன்பம் தராது. இங்கு ‘டிஸ்போ’ எனப்படும் வங்கி மேலதிகப் பற்றையும் பயணத்துக்கான வரவாகக் கொள்ளலாகாது. அது வரவன்று, வட்டியுடன் திரும்பச் செல்லும் செலவு.

வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் இக்கருத்தைக் கூறியுள்ளார். வருவாய் சிறிதாயிருத்தலால் கேடு இல்லை, செலவு அதனினும் விரியாதிருக்குமாயின் என்பது அவர் காட்டும் நெறி. அரசனுக்குச் சொன்ன அந்நெறி இல்லத்துக்கும் பொருந்தும்.

2. மதிப்பீடு செய்யும் முறை

டோட்முண்ட் நகரில் வாழும் நால்வர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்: தாய், தந்தை, பதினைந்து வயது மகள், பத்து வயது மகன். அவர்கள் தம் காரில் பிரசல்ஸில் ஓர் இரவும், பாரிஸில் மூன்று இரவும், சுவிற்சர்லாந்தில் உறவினர் வீட்டில் இரண்டு இரவும் தங்கித் திரும்புவதாகக் கொள்வோம். கீழே தரப்படும் விலைகள் பாடத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. நீங்கள் கணக்கிடும்போது அவ்வேளைக்குரிய விலைகளைக் கேட்டறிந்து எழுதுங்கள்.

எரிபொருள்: சுற்றுப் பயணத் தூரம் ஏறத்தாழ 2100 கிலோமீற்றர். 100 கிலோமீற்றருக்கு 7 லீற்றர் எனின் 147 லீற்றர் வேண்டும். லீற்றர் 1.80 யூரோ எனின் 264.60 யூரோ, அதாவது 265 யூரோ.
வீதிக் கட்டணம்: 108 யூரோ.
தங்குமிடம்: பிரசல்ஸ் 110, பாரிஸ் 3 × 140 = 420; மொத்தம் 530 யூரோ.
உணவு: 7 நாள் × 60 = 420 யூரோ.
நுழைவுச் சீட்டுகள்: 220 யூரோ.
வாகனத் தரிப்பிடம், நகரப் போக்குவரத்து: 130 யூரோ.
உறவினருக்கான அன்பளிப்பு: 150 யூரோ.
பயணக் காப்புறுதி முதலியன: 40 யூரோ.

கூட்டுத்தொகை 1863 யூரோ. இதிற் பத்தில் ஒரு பங்கை, அதாவது 187 யூரோவை, எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கினால் மொத்தம் 2050 யூரோ. ஒக்டோபர் முதல் யூலை வரையிலான பத்து மாதங்களில் மாதம் 205 யூரோ சேமித்தால் கடனின்றிப் புறப்படலாம். மாதம் 205 இயலாது, 150தான் இயலும் என்றால் மொத்தம் 1500 யூரோ. அப்பொழுது பயணத்தையே கைவிட வேண்டியதில்லை. ஒரு நாட்டையோ இரண்டு இரவுகளையோ குறைத்துத் திட்டத்தை மீண்டும் எழுதுங்கள். செலவுக்கேற்பப் பணத்தைத் தேடாது, பணத்துக்கேற்பச் செலவை அமைப்பதே திட்டமிடல்.

அன்பளிப்பு என்னும் வரியைக் கவனியுங்கள். உறவினர் வீட்டில் தங்குவது இலவசம் எனப் பலர் எண்ணுகின்றனர். நமக்குச் செலவில்லை என்பதன் பொருள், அச்செலவை வேறொருவர் ஏற்கிறார் என்பதே. சுவிற்சர்லாந்தில் உணவுப் பொருள்களின் விலை யேர்மனியை விட உயர்வு. விருந்தோம்புவோர் வாய்திறந்து கேளார். விருந்தினரே அறிந்து நடத்தல் வேண்டும்.

3. நாட்டுக்கு நாடு மாறுவன

நாணயம்: 2002ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் யூரோ தாள்களும் நாணயங்களும் புழக்கத்துக்கு வந்தன. அதற்கு முன் டோட்முண்டிலிருந்து பாரிஸ் செல்பவர் டொச் மார்க்கையும் பெல்சிய பிராங்கையும் பிரெஞ்சு பிராங்கையும் கையாள வேண்டியிருந்தது. ஒரு யூரோ 1.95583 மார்க்குக்கும், 40.3399 பெல்சிய பிராங்குக்கும், 6.55957 பிரெஞ்சு பிராங்குக்கும் சமம் என நிலையாக வரையறுக்கப்பட்டது. இன்று இம்மூன்று நாடுகளுக்கும் ஒரே நாணயம். ஆயினும் சுவிற்சர்லாந்தில் பிராங்கும், இங்கிலாந்தில் பவுணும், டென்மார்க்கில் குரோனரும் உள்ளன. அந்நாடுகளிற் பணப்பொறியோ கடையிலுள்ள அட்டைக் கருவியோ, ‘யூரோவிற் கணக்கிடவா, உள்ளூர் நாணயத்திற் கணக்கிடவா?’ என்று கேட்கும். உள்ளூர் நாணயத்தையே தெரிவுசெய்யுங்கள். யூரோவைத் தெரிந்தால், அக்கருவியை நடத்துவோர் தமக்கு இலாபமான மாற்று வீதத்தை இடுவர்.

வீதி: யேர்மனியிலும் பெல்சியத்திலும் காருக்குப் பொதுவாக நெடுஞ்சாலைக் கட்டணம் இல்லை. பிரான்சில் பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் ஓடும் தூரத்துக்கேற்பக் கட்டணம் உண்டு. சுவிற்சர்லாந்தில் நெடுஞ்சாலையில் ஓடுவதற்கு 40 பிராங்குக்கு ஆண்டு வின்யெற் வாங்க வேண்டும். ஒரு நாளைக்கோ ஒரு வாரத்துக்கோ அது கிடையாது. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதல் அதனை மின்னியல் முறையிலும் பெறலாம்.

தொலைபேசி: ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுள் 2017ஆம் ஆண்டு யூன் 15 முதல் கைத்தொலைபேசிக்கு மேலதிக அலைவுக் கட்டணம் நீக்கப்பட்டது. சுவிற்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. எல்லையைக் கடந்ததும் பிள்ளைகள் காணொளி பார்த்தால் அந்தப் பட்டியற் பணம் வீடு திரும்பிய பின்னர் வந்து சேரும். எல்லைக்கு முன்பே இணையத் தொடர்பை நிறுத்தும் பொறுப்பை மூத்த பிள்ளையிடம் ஒப்படைக்கலாம்.

ஆவணம்: இதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும். 1982ஆம் ஆண்டின் புகலிட நடைமுறைச் சட்டம், புகலிடம் கோரியோர் தமக்கு ஒதுக்கப்பட்ட மாவட்ட எல்லைக்குள் இருத்தல் வேண்டும் எனப் பணித்தது. அதனால் பக்கத்து நகரில் நிகழும் திருமணத்துக்குச் செல்வதற்கும் எம்மவர் பலர் அனுமதிக் கடிதம் கேட்டு அலுவலக வாயிலிற் காத்திருந்தனர். 2015ஆம் ஆண்டிலேதான் இவ்விதி பெரிதும் தளர்த்தப்பட்டது. இன்று நீங்கள் நித்திரையிலே கடந்துபோகும் பெல்சிய எல்லை, உங்கள் தாய் தந்தையருட் பலருக்குப் பல்லாண்டு மூடிய கதவாக இருந்தது என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

இப்பொழுதும் ஒரே வீட்டில் ஒருவரிடம் யேர்மன் கடவுச்சீட்டும், இன்னொருவரிடம் ஏதிலியருக்கான நீலநிறப் பயண ஆவணமும் இருக்கக் காண்கிறோம். செங்கன் நாடுகளுக்குக் குறுகிய காலப் பயணமாயின் வதிவிட அனுமதியுடன் அந்நீல ஆவணம் போதுமானது. சுவிற்சர்லாந்தும் 2008ஆம் ஆண்டு திசம்பர் முதல் இவ்வேற்பாட்டில் உள்ளது. இங்கிலாந்து அவ்வாறன்று. நீல ஆவணத்தார் அங்கு செல்ல முன்கூட்டியே விசா பெற வேண்டும். யேர்மன் குடிகளும் 2021ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல் அடையாள அட்டையுடன் செல்ல இயலாது, கடவுச்சீட்டு வேண்டும். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 2 முதல் மின்னியல் பயண அனுமதியும் கட்டணம் செலுத்திப் பெற வேண்டும். இவையெல்லாம் மதிப்பீட்டிற் சேர வேண்டிய செலவுகள். ஆவணத்தைக் கடைசியிற் பார்ப்பவர், முன்பதிவு செய்த பணம் முழுவதையும் இழக்க நேரும்.

4. சிக்கனமும் அறிவும்

இடங்களைப் பற்றி முன்பே படித்திருப்பவருக்குச் செலவு குறையும். பாரிஸ் லூவர் நூதனசாலையில் 18 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை; 26 வயதுக்குட்பட்ட, ஐரோப்பிய ஒன்றியத்தில் வதியும் இளையோருக்கும் அவ்வாறே. வயதையும் வதிவிடத்தையும் காட்டும் ஆவணத்தைக் கொண்டுசெல்க. செவ்வாய்க்கிழமைகளில் அது மூடப்பட்டிருக்கும். ஈபெல் கோபுரத்தின் இரண்டாம் தட்டுக்கு 674 படிகள் உள்ளன. படிவழிச் சீட்டு மின்தூக்கிச் சீட்டிலும் மலிவு. சாப்ஹவுசன் அருகே ரைன் ஆறு 150 மீற்றர் அகலத்தில் 23 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்கிறது. அவ்வருவியை நொய்ஹவுசன் பக்கக் கரையில் நின்று கட்டணமின்றிப் பார்க்கலாம். எதிர்க்கரையிலுள்ள லவ்பன் கோட்டைப் பக்கம் சென்றால் கட்டணம் உண்டு.

தங்குமிடத்துக்கு இளையோர் விடுதிகளையும் நாடலாம். இவ்வியக்கம் யேர்மனியிலே பிறந்தது. அதனைத் தோற்றுவித்தவர் றிச்சார்ட் சிர்மான் என்னும் பள்ளி ஆசிரியர். 1909ஆம் ஆண்டு மாணவர்களுடன் நடைப்பயணம் சென்றவேளை இடிமழையில் அகப்பட்டு ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இரவைக் கழித்தார். அதன்பின் 1912இல் டோட்முண்டுக்குத் தெற்கேயுள்ள அல்ற்றெனா கோட்டையில் முதல் விடுதி அமைந்தது. குடும்ப அங்கத்துவம் பெற்றவர் பிற நாட்டு விடுதிகளிலும் அதனைப் பயன்படுத்தலாம்.

5. நாள்தோறும் எழுதுதல்

மதிப்பீடு எழுதிப் பெட்டிக்குள் வைப்பதாற் பயனில்லை. காந்தியடிகள் 1888இல் சட்டம் பயில இலண்டன் சென்றபோது, பேருந்துக் கட்டணம், அஞ்சல் தலை, செய்தித்தாள் உட்பட ஒவ்வொரு காசையும் எழுதி, இரவு உறங்குமுன் கணக்கை முடித்தார் எனத் தம் வரலாற்றிற் குறிப்பிடுகிறார். பின்னாளிற் பொதுப்பணத்தைக் கையாண்டபோது அப்பழக்கமே துணைநின்றது என்கிறார்.

ஒரு சிறு கொப்பியில் ஐந்து நிரல்கள் வரையுங்கள்: திகதி, இடம், பொருள், தொகை, செலுத்தியவர். பற்றுச்சீட்டுகளை ஓர் உறையில் இடுங்கள். சுவிஸ் பிராங்கிற் செலுத்தியதைப் பிராங்காகவும் யூரோவாகவும் எழுதுங்கள். இரவில் பத்து நிமிடம் போதும்.

எழுதுவதன் பயன் யாது? மூன்றாம் நாள் இரவு, உணவுக்கு ஒதுக்கிய 3 × 60 = 180 யூரோவுக்குப் பதிலாக 204 யூரோ ஆகியிருப்பதைக் காண்கிறோம் என்க. எஞ்சியது 420 − 204 = 216 யூரோ; எஞ்சிய நாள்கள் நான்கு; ஆகவே நாளொன்றுக்கு 54 யூரோ. ஒரு வேளை கடையுணவைத் தவிர்த்துப் பாணும் பழமும் வாங்கிப் பூங்காவில் உண்டால் ஈடாகிவிடும். இதனை ஏழாம் நாளில் அறிந்தாற் செய்வதற்கு ஒன்றுமில்லை. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்று எம் முன்னோர் சொன்னது இதற்காகவே.

6. இரு குடும்பம் சேர்ந்து செல்லும்போது

சேர்ந்து புறப்பட்ட உறவுகள் பிரிந்து திரும்புவதும் உண்டு. பெரும்பாலும் காரணம் பெரிய தொகையன்று. பேசாமல் விட்ட சிறு தொகை. எதனைத் தலைக்கணக்கிற் பிரிப்பது, எதனைக் குடும்பக் கணக்கிற் பிரிப்பது என்று புறப்படுமுன் பேசுங்கள். உணவு தலைக்கணக்கு, வாடகை வாகனம் குடும்பக் கணக்கு எனலாம்.

எடுத்துக்காட்டு: முதற் குடும்பத்தில் நால்வர், இரண்டாம் குடும்பத்தில் ஐவர். பொது உணவுக்கு முதற் குடும்பம் 360, இரண்டாவது 180 யூரோ செலுத்தின. மொத்தம் 540, ஒன்பதின்மருக்குத் தலைக்கு 60. முதற் குடும்பத்தின் பங்கு 240. இரண்டாவதன் பங்கு 300. ஆகவே இரண்டாம் குடும்பம் 120 யூரோ கொடுக்க வேண்டும். கொப்பியைக் காட்டிக் கேட்பதில் வெட்கம் இல்லை. காட்டாமல் மனத்தில் வைத்திருப்பதே உறவை அரிக்கும்.

7. ஒரு மணி நேரத்தின் விலை

மாணவர்களே, இறுதியாக ஒரு கணக்கு. ஒருவர் வரி கழித்து மணிக்கு 12 யூரோ பெறுகிறார் எனின், 2050 யூரோவுக்கு அவர் ஏறத்தாழ 171 மணி நேரம் உழைக்க வேண்டும். வாரம் 40 மணி எனின் அது நான்கு வாரத்துக்கும் அதிகம். உங்கள் ஏழு நாள் மகிழ்ச்சியின் பின்னால், ஒரு சமையலறையிலோ தொழிற்சாலையிலோ ஒருவர் நின்ற ஒரு மாதம் இருக்கிறது. இதனை அறிவது நீங்கள் துயரப்படுவதற்காக அன்று. அம்மாதத்துக்குரிய மதிப்புடன் கண்திறந்து பார்ப்பதற்காக. பெற்றோரும் வருவாயைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. ‘காசில்லை’ என்னும் ஒற்றைச் சொல்லிலும், கணக்கைக் காட்டி உரைக்கும் ‘இம்முறை இயலாது’ என்னும் சொல் பிள்ளைக்கு விளங்கும். இவ்வாண்டு கணக்குக் கொப்பியைப் பிள்ளைகளின் கையிற் கொடுங்கள். தமிழில் எழுதச் சொல்லுங்கள்.

பயிற்சி

1. ‘செல்’, ‘வா’ என்னும் வினையடிகளிலிருந்து பிறந்த பெயர்ச்சொற்கள் ஐந்து எழுதுக.
2. எரிபொருள் லீற்றர் 1.90 யூரோவாக உயர்ந்தால் மேற்கண்ட குடும்பத்தின் எரிபொருட் செலவு எவ்வளவு? அதனை எதிர்பாராச் செலவுத் தொகை தாங்குமா?
3. 1500 யூரோவுக்குள் அடங்குமாறு அக்குடும்பத்தின் திட்டத்தை மாற்றி எழுதுக. எதனை விட்டீர்கள், ஏன் என்பதை ஐந்து வசனங்களில் விளக்குக.
4. உங்கள் பெற்றோர் இந்நாட்டில் முதன்முதலாக எல்லை கடந்து சென்ற பயணம் எது, அதற்கு எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டு எழுதுக.

அனைவரது பயணமும் கடனின்றி இனிதே அமைய வாழ்த்துகின்றோம்.