நெட் போச்சா? புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்க!



வீட்டு இன்டர்நெட் இன்றைக்கு ஆடம்பரம் இல்லை. தையல் ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருது. பிள்ளைகள் பாடமும் கரண்ட் பில்லும் அதிலேயே நடக்குது. ஒரு வாரம் நெட் இல்லைன்னா நம்ம வருமானம் நிற்குது. ஆனால் மாதக் கட்டணம் மட்டும் நிற்பதில்லை. அப்போது என்ன செய்யலாம் என்று இந்த மாதம் தெரிந்துகொள்வோம்.

முதலில் நாமே பார்ப்போம்

1. ரீசார்ஜ் கெடு முடிந்துவிட்டதா, பில் பாக்கியா?
2. மோடம் பெட்டியை அணைத்து, இரண்டு நிமிடம் கழித்துப் போடுங்க.
3. விளக்குகளைப் பாருங்க. ஃபைபர் இணைப்பில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால், பெட்டிக்குச் சிக்னலே வரவில்லை என்று அர்த்தம். வெளியே கேபிள் அறுந்திருக்கலாம், மடங்கியிருக்கலாம். அதை நாம் சரி செய்ய முடியாது. ஃபைபர் ஒயரை இழுக்கவோ, அதன் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவோ கூடாது.
4. பக்கத்து வீட்டிலும் இல்லையா என்று கேளுங்க. இல்லை என்றால் அதையும் புகாரில் சொல்லுங்க.

புகார் செய்யும்போது

பில்லில் உள்ள எண்ணுக்கே போன் செய்யுங்க. கூகுளில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்களில் போலிகள் உண்டு. ஓ.டி.பி. கேட்டாலோ, ஏதாவது ஆப் இறக்கச் சொன்னாலோ போனை வைத்துவிடுங்க. பணம் போய்விட்டால் உடனே 1930-க்குச் சொல்லுங்க.

ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அலைக்கழிப்பார்கள். ஒருவரிடம் சொன்னதை அடுத்தவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும். கோபம் வரத்தான் செய்யும். ஆனால் எதிர்முனையில் இருப்பதும் நம்மைப்போல் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு பிள்ளைதான். திட்டினால் கேபிள் ஒட்டாது. "புகார் எண் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று கேளுங்க. அந்த எண்ணைத் தருவது நிறுவனத்தின் கடமை.

நம் குழுவில் தீர்மானம் எழுதாமல் கடன் தருகிறோமா? அதே பழக்கம்தான் இங்கும். ஒரு நோட்டில் தேதி, நேரம், புகார் எண், பேசியவர் பெயர், அவர் சொன்ன கெடு எல்லாம் எழுதி வையுங்க. வாயால் சொன்னது காற்றோடு போகும், எழுதினது நிற்கும்.

சரி செய்யாமலே 'உங்கள் புகார் முடிக்கப்பட்டது' என்று செய்தி வருவதும் உண்டு. விடாதீங்க! அன்றே பழைய எண்ணைச் சொல்லி மறுபடி பதிவு செய்யுங்க. நெட் வருவதற்கு முன் புகாரை முடிக்கச் சம்மதம் சொல்லாதீங்க.

பழுது 3 நாளுக்கு மேல் நீடித்தால் கட்டணக் கழிவோ கெடு நீட்டிப்போ கேளுங்க. டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளில் இதற்கு இடம் இருக்கிறது.

அப்படியும் கேட்கலைன்னா?

முதல் படி: அதே நிறுவனத்தில் மேல்முறையீட்டு அதிகாரி இருக்கிறார். 2012-ஆம் ஆண்டு டிராய் விதிப்படி 30 நாளுக்குள் அவரிடம் மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிப்பட்ட புகாரை நேரடியாகத் தீர்ப்பதில்லை என்பதால் இந்தப் படி முக்கியம்.

இரண்டாம் படி: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மூன்றாம் படி: மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு சேவைக் குறைபாட்டுக்கும் அங்கே போகலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நாம் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை.

இந்த மூன்று படியிலும் முதலில் கேட்பது புகார் எண்ணையும் தேதியையும்தான். நோட்டு இருந்தால் தைரியமாகப் பேசலாம்.

ஒரே தெருவில் நாலைந்து வீட்டில் நெட் போயிருந்தால் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் புகார் எண் வாங்குங்க. பிறகு எல்லா எண்ணையும் ஒரே கடிதத்தில் எழுதி, சேர்ந்து கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. ஒத்தைக் குரலைவிட குழுக் குரலுக்கு மதிப்பு அதிகம் என்பது நமக்குத் தெரியாததா?

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

1. உங்கள் இணைப்பின் பில் எண், வாடிக்கையாளர் எண் எழுதி வைத்திருக்கிறீர்களா?
2. உங்கள் தெருவில் அடிக்கடி பழுது வரும் இடம் எது?
3. புகார் நோட்டு போட யார் யார் தயார்?