மரக்கணக்கில் புல்லையும் சேர்

அன்புள்ள மருமகன் கவினுக்கு,

பேச்சுப் போட்டிக்கு நீ எழுதி அனுப்பியதைப் படித்தேன். காடு வளர்த்தால் புவி வெப்பமாவதை நிறுத்திவிடலாம் என்று அடித்துச் சொல்லியிருக்கிறாய். நடை நன்றாக வந்திருக்கிறது. ஆனால் வரவை மட்டும் எழுதிவிட்டுச் செலவுப் பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டாயே! ஆயக்குடிப் பையன் அப்படி விடலாமா? தெற்கே தெரிகிற பழனி மலையிலேயே இந்தக் கணக்கின் இரண்டு பக்கமும் இருக்கிறது.

முதலில் வரவு. மரம் காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து உடம்பாக்கிக்கொள்கிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். உங்கள் தோட்டத்து வேம்பு ஒன்றின் உலர் எடை 200 கிலோ என்று வைத்துக்கொள். அதில் கரிமம் 100 கிலோ; வாயுவாகக் கணக்கிட்டால் 367 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வாயு வெளியேறும். உங்கப்பா வண்டிக்குத் தினம் ஒரு லிட்டர் போட்டால், பல வருஷமாக அந்த வேம்பு சேர்த்து வைத்தது ஐந்தே மாதத்தில் தீர்ந்துவிடும். நாட்டுக் கணக்கும் இதே கதைதான். காடுகள், மரங்கள் மூலம் 2030க்குள் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் வாயுவை ஈர்ப்போம் என்று 2015இல் பாரிஸ் ஒப்பந்தத்தை ஒட்டி இந்தியா உறுதி கூறியது. இன்று நாடு ஒரே ஆண்டில் வெளியிடுவதே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். மரம் வீண் என்று சொல்லவரவில்லை. எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொண்டு பேசு என்கிறேன்.

இனிச் செலவு. கொடைக்கானல் மேல்மலை முழுக்க ஒரு காலத்தில் புல்வெளி. மடிப்பு மடிப்பான பள்ளங்களில் மட்டும் சோலைக்காடு. புல்வெளியைத் தரிசு என்று நினைத்தவர்கள் வாட்டில், பைன், தைல மரம் என்று வெளிநாட்டு மரங்களை நட்டார்கள். தோல் பதனிட வாட்டில் பட்டை, மரக்கூழுக்கும் விறகுக்கும் மற்றவை. 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலையின் மேல்தளத்தில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. சோலையிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இல்லை. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு இது. விவசாயமும் காரணம், ஆனால் பெரும்பங்கு மரத்தோப்புகளுக்கே. மரம் கூடியிருக்கிறது, அதனால் பசுமை கூடியதாகப் படத்தில் தெரியும்!

புல் தன் கரிமத்தைப் பெரும்பாலும் மண்ணுக்குள் வைத்திருக்கும். மேலே தீ ஓடினாலும் அடியில் இருப்பது தப்பிவிடும். மரத்தோப்பில் தீப்பிடித்தால் சேமித்தது புகையாகிப் போகும். வாட்டில் விதை இருக்கிறதே, ஓடு கெட்டியான சின்னக் கறுப்பு விதை, அது மண்ணில் பல்லாண்டு உறங்கும். தீயின் சூடு பட்டதும் ஓடு தளர்ந்து கூட்டங்கூட்டமாக முளைக்கும். வெட்டினாலும் எரித்தாலும் அது திரும்பி வரும், புல் அவ்வளவு எளிதில் திரும்பாது.

தண்ணீர்ச் செலவு இன்னும் பெரிது. நீலகிரி கிளென்மார்கனில் மண், நீர்வள ஆராய்ச்சியாளர்கள் இரண்டு ஓடைப் படுகைகளை எடுத்து, ஒன்றில் மட்டும் தைல மரம் நட்டு, ஓடும் நீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்தாண்டில் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் துளிர்த்த இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ 25 சதவீதம். நீலகிரிக் கணக்குத்தான். ஆனாலும் மலையிலிருந்து இறங்கும் வரதமாநதியை நம்பிக் குளம் நிரப்புகிற ஊருக்கு இது அடுத்த வீட்டுச் செய்தி அல்ல.

அப்படியானால் வாட்டிலை வேரோடு பிடுங்கிவிடலாமா? அவசரப்படாதே. வட்டக்கானலில் பல்லாண்டு வாழ்ந்து சோலை மரக்கன்றுகள் வளர்த்த பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் இருவரும் ஒன்றைக் கவனித்தார்கள்: வயதான வாட்டில் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே தலைதூக்குகின்றன. அங்கே எந்திரத்தை இறக்கினால் வருகிற சோலையும் போகும். புல்வெளியை அரிக்கத் தொடங்கியிருக்கும் இளம் வாட்டில் வேறு விஷயம், அதைப் பிடுங்கத்தான் வேண்டும். ஒரே மரம், இரண்டு தீர்ப்பு. சென்னையில் உட்கார்ந்து மொத்தமாக ஆணை போடுகிறவர்களுக்கு இதுதான் கஷ்டம்.

உன் பேச்சில் ஒரு வரியும் இல்லாத செலவு ஒன்று உண்டு. மலைக்காடு 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம். காடு நிற்பதன் பலன் உலகத்துக்கே போகிறது. ராத்திரி கொய்யாத் தோப்பில் டார்ச்சும் வெடியுமாகக் காவல் இருப்பவர் அடிவாரத்து விவசாயி. யானை பழத்தை மட்டும் தின்றுவிட்டுப் போவதில்லை; கிளையை இழுக்கும், மரம் பிளந்துவிடும். புதுக் கன்று வைத்துக் காய்க்க இரண்டு மூன்று வருஷம். காட்டுப்பன்றி வேரைக் கிளறும். இழப்பீடு உண்டு, ஆனால் மனு, சிட்டா, அடங்கல் என்று அலையும் நாள்களுக்குக் கூலி யார் தருவது? இதைக் காட்டின் செலவாக அரசு எழுதாதவரை விவசாயி தன் செலவாக எழுதிக்கொண்டிருப்பார். வேலிக்கும் அகழிக்கும் இழப்பீட்டுக்கும் காலநிலைப் பணத்திலிருந்தே ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

இத்தனைக்குப் பிறகும் நான் காட்டுப் பக்கம்தான். ஆனால் நிற்கிற காட்டுப் பக்கம். காலநிலை குறித்த ஐ.நா. அறிவியல் குழுவின் 2022 அறிக்கையும், வெப்பநாட்டுக் காடுகளை அழியாமல் காப்பதில்தான் நிலம் சார்ந்த வழிகளில் அதிகப் பலன் என்கிறது. சோலை ஒன்று போனால், அது சேர்த்ததை ஈடுகட்ட நீ நடும் கன்று எத்தனை தலைமுறை வளர வேண்டும், யோசி.

தமிழகத்தில் காடும் மரமும் சேர்ந்த பரப்பை 33 சதவீதமாக்கப் பசுமைத் தமிழகம் இயக்கம் 2022இல் தொடங்கியது. நட இடம் தேடுகிறவர்கள் மலைப்புல்லைத் தொடாமல் சமவெளிக்கு வரட்டும். வரப்பு, சாலையோரம், குளக்கரை எல்லாம் இருக்கிறதே. உங்கள் பள்ளி நாட்டு நலப்பணித் திட்டத்தில் நடப்போவதும் குளக்கரையில்தான் என்று அம்மா சொன்னாள். நாவல், நீர்மருது, புங்கன் கன்றுகளாகக் கேள். சித்திரை, வைகாசியில் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு யாருடையது என்பதைக் குழி தோண்டுவதற்கு முன்பே பெயர் போட்டு எழுதி வாங்கிவிடு.

அன்புடன்,
மாமா