விண்வெளி ஆய்வுக்கு நிதி கேட்கப் போகிறீர்களா?

ராவணா-1 போல் செய்மதி செய்தால்தான் விண்வெளி ஆய்வு என்றில்லை. ஹட்டன், நுவரெலியாச் சரிவுகளின் மண் அசைவை மேலிருந்து அளப்பதும் அதில் சேர்த்திதான். தேசிய விஞ்ஞான மன்றத்துக்கு முன்மொழிவு எழுதுவோர் கவனிக்க:

எந்தச் செய்மதித் தரவு என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். சென்டினல்-2 படங்கள் இலவசம்; ஆனால் தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் நம் மலைகளில் முகில்தான் பதிவாகும். சென்டினல்-1 ராடார் முகிலைத் துளைக்கும். ஆனால் அதன் அலைநீளம் சுமார் 5.6 சென்ரிமீற்றர்தான் என்பதால், தேயிலையும் நிழல்மரமும் அடர்ந்த இடத்தில் தடுமாறும். 2025 ஜூலையில் ஏவப்பட்ட நைசார் ராடார் செய்மதியின் 24 சென்ரிமீற்றர் அலை இலைகளைக் கடந்து நிலத்தை எட்டக்கூடியது. எந்தத் தரவு, ஏன் என்று மதிப்பீட்டாளர் நிச்சயம் கேட்பார். பதிலை ஆய்வுமுறைப் பகுதியிலேயே எழுதிவிடுங்கள்.

தரவு இலவசம் என்று செலவுத் திட்டத்தைச் சுருக்க வேண்டாம். களப்பயணம், ஜிபிஎஸ் கருவி, உதவியாளர் சம்பளம் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். விலைமனுக்களை முன்பே வாங்கிவையுங்கள்.

களப்பயணத்துக்கான தோட்ட நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம் இழுபடும் (அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்). அதற்கு முதலிலேயே எழுதுங்கள். மண்சரிவு அபாய வரைபடங்களுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தையும், கூட்டாளி தேவையானால் மொறட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தையும் நாடலாம்.

சுருக்கத்தின் முதல் வரியில் “காலநிலை மாற்றம்” வேண்டாம். எந்தச் சரிவு, அதன்கீழ் எந்த லயம் என்று தொடங்குங்கள்.