கால்நடை இழப்பும் அரசு நிவாரணமும்

தறியும் கழனியும் நமது அங்கத்தினர்களின் முதன்மைத் தொழில்களாயினும், பல குடும்பங்களில் அன்றாடச் செலவுக்குக் கை கொடுப்பவை கொட்டிலில் நிற்கும் பசுவும் ஆடுமேயாம். புயலிலோ வெள்ளத்திலோ அவை மடியுமாயின், அரசு வழங்கும் நிவாரணம் எவ்வளவு, அதைப் பெறும் முறை யாது என்பவற்றை ஒவ்வொருவரும் முன்னரே அறிந்திருத்தல் அவசியம்.

இந்நிவாரணம் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து அளிக்கப்படுவது. தமிழ்நாட்டில் அந்நிதியில் நூற்றுக்கு 75 பங்கை மத்திய அரசும், 25 பங்கை மாநில அரசும் செலுத்துமாறு அமைந்தது. 2022-23 முதல் 2025-26 முடிய உள்ள காலத்துக்கு மத்திய அரசு வகுத்த விகிதங்கள் பின்வருமாறு:

கறவைப் பசு அல்லது எருமை ஒன்றுக்கு 37,500 ரூபாய்.
ஆடு ஒன்றுக்கு 4,000 ரூபாய்.
உழவு மாடு ஒன்றுக்கு 32,000 ரூபாய்.
கன்று ஒன்றுக்கு 20,000 ரூபாய்.
கோழி ஒன்றுக்கு 100 ரூபாய்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வீசிய பின்னர், தமிழக அரசும் பசுவுக்குரிய தொகையை 30,000 ரூபாயிலிருந்து 37,500 ரூபாயாகவும், ஆட்டுக்குரியதை 3,000 ரூபாயிலிருந்து 4,000 ரூபாயாகவும் உயர்த்திற்று.

நிற்க. இறந்தவை எத்தனையாயினும் அத்தனைக்கும் பணம் கிடைக்கும் என்று எண்ணுதல் தவறு. மேற்கூறிய மத்திய விதிகளின்படி ஒரு குடும்பத்துக்குப் பெரிய கறவைக் கால்நடை 3, அல்லது ஆடு 30, அல்லது உழவு மாடு 3 என்பதே உச்சவரம்பு. கோழிகளுக்குக் குடும்பத்துக்கு 10,000 ரூபாய் வரையே உண்டு. ஐந்து கறவைப் பசுக்களை இழந்தவர் பெறுவது மூன்றுக்குரிய 1,12,500 ரூபாயேயன்றி 1,87,500 ரூபாய் அன்று. ஆதலின் நிவாரணம் என்பது இழப்பின் முழு ஈடு அன்று; மீண்டும் தலையெடுக்க உதவும் முதற் கைப்பிடியே என்க. எஞ்சிய இழப்புக்கு முன்கூட்டியே செய்த கால்நடைக் காப்பீடுதான் துணை.

மற்றொன்று. அரசு குறித்த அதிகாரி இழப்பைச் சான்றளித்தாலன்றித் தொகை கிடையாது. கால்நடை இறந்தவுடன் கிராம நிர்வாக அலுவலருக்கும் அரசுக் கால்நடை மருத்துவருக்கும் தெரிவித்தல் வேண்டும். அவர்கள் பார்வையிடுமுன் அவசரப்பட்டுப் புதைத்துவிடலாகாது. காதுவில்லையின் எண் தெரியுமாறு புகைப்படம் எடுத்து வைத்தல் நலம்.

வெள்ளம் உடலையே அடித்துச் சென்றுவிட்டால் என் செய்வது? இவ்விடத்தில்தான் சங்கத்தின் பணி தொடங்குகிறது. மழைக்காலத்துக்கு முன்பே அங்கத்தினர் ஒவ்வொருவரின் கால்நடைகளையும், அவற்றின் காதுவில்லை எண்களையும் சங்கப் பதிவேட்டில் குறித்து வைப்பின், இன்னார் இத்தனை மாடு வைத்திருந்தார் என்பதற்கு அது ஒரு துணைச் சான்றாகும். பால் ஊற்றும் கணக்கும் அவ்வாறே உதவும். தனி ஒருவர் சொல் எடுபடாத இடத்தில் சங்கத்தின் ஏடு பேசும்.

சிந்தனைக்கு:
1. நாற்பது ஆடுகளை இழந்த குடும்பம் மேற்கண்ட விதிப்படி பெறும் தொகை எவ்வளவு?
2. இருநூறு கோழிகளை இழந்தவர் பெறுவது எவ்வளவு?
3. நமது சங்கத்தில் கால்நடைப் பதிவேடு உண்டா? இல்லையெனில், அடுத்த கூட்டத்தில் அதற்கான தீர்மானத்தை முன்மொழிபவர் யார்?