ஈர மண்ணுக்கு ஒரு கிழங்கு, காய்ந்த மண்ணுக்கு ஒரு கிழங்கு

கம்பம் பள்ளத்தாக்கில் லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. ஆண்டிபட்டி, தேவாரம் பக்கம் போனால் மானாவாரிச் செம்மண். கிழங்கிலிருந்து வளரும் பூச்செடிகள் பல வறட்சியைத் தூங்கியே கழித்துவிடும். தூங்கும் நேரத்தில் தண்ணீர் தேங்கினால்தான் அழுகிப்போகும். ஆகவே மண்ணைப் பார்த்துக் கிழங்கை வாங்குங்கள்.

செய்ய வேண்டியவை

• ஓரடிக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். நாலு மணி நேரம் கழித்தும் தண்ணீர் நின்றால் அது ஈர மண். வயலோரத் தோட்டங்களில் இதை ஜூனில், முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்த பிறகு செய்யுங்கள்.

• ஈர மண்ணில் கல்வாழை, விஷமூங்கில், சிலந்தி லில்லி வையுங்கள். விஷமூங்கில் கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரியட்டும்.

• காய்ந்த செம்மண்ணுக்கு மழை லில்லியும் செங்காந்தளும் ஏற்றவை. மழை லில்லி கோடை மழை விழுந்த சில நாளில் பூத்துவிடும்.

• செங்காந்தள் கிழங்கில் முளை நுனியில்தான் இருக்கும். அது ஒடியாத கிழங்காகப் பார்த்து ஜூன், ஜூலையில் நட்டு, ஏறிப் படரக் கம்பு ஊன்றுங்கள்.

• சம்பங்கிக்குத் தண்ணீரும் வேண்டும், வடிகாலும் வேண்டும். 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்கை மேட்டுப்பாத்தியில் நடுங்கள்.

• ஆடிக்காற்று மண்ணை உலர்த்திவிடும். பாத்திமேல் காய்ந்த இலைதழைகளை மூடாக்காகப் போடுங்கள்.

செய்யக்கூடாதவை

• படத்தைப் பார்த்து ஆசைப்பட்டுத் தாடி ஐரிஸ், டூலிப் கிழங்குகளை வாங்காதீர்கள். பனிக்காலக் குளிர் பட்டால்தான் அவை ஒழுங்காகப் பூக்கும். கம்பத்தில் அந்தக் குளிர் கிடையாது.

• களிமண்ணில் குழி வெட்டி மணலை மட்டும் நிரப்பாதீர்கள். சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் அதில்தான் இறங்கும். பாத்தியை உயர்த்துவதே வழி.

• பூ முடிந்ததும் பச்சை இலையை அறுக்காதீர்கள். அடுத்த பூவுக்கான சத்தை இலைதான் கிழங்கில் சேர்க்கிறது.

• செங்காந்தள் கொடி காய்ந்த பிறகு தண்ணீர் விடாதீர்கள்.

• பச்சைச் சாணத்தைக் கிழங்கின்மேல் கொட்டாதீர்கள். மக்கிய தொழு உரம் போதும்.

• மேகமலை, வருசநாட்டுக் காடுகளில் கிழங்கு தோண்டாதீர்கள். 2021 முதல் மேகமலை ஒரு புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது.

• செங்காந்தள், விஷமூங்கில் கிழங்குகளைச் சமையல்கட்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். செங்காந்தளில் உள்ள கோல்சிசின் உயிரைப் பறிக்கும் நஞ்சு. தனிப் பையில் போட்டு, பெயர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.